நெடுந்தூர ஓட்டமும் இரத்த அழுத்தமும்: ஆய்வுகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன?

ஓடுகிறவர்களுக்கு பி.பி. வராது என்ற நம்பிக்கை ஓட்டக் குழுக்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெலிந்த உடல், நிமிடத்துக்கு ஐம்பதை ஒட்டிய நாடித்துடிப்பு, மூன்று மாடி ஏறினாலும் வாங்காத மூச்சு: இவற்றைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாற்பதைத் தாண்டியும் வாரம் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்களில் சிலருக்கு ஆண்டுப் பரிசோதனையில் 140/90-க்கு மேல் அளவு வரத்தான் செய்கிறது. உடனே இரண்டு வகை அறிவுரைகள் கிடைக்கும். ‘கருவியில் கோளாறு, உனக்காவது பி.பி.யாவது’ என்பார்கள் கூட ஓடுகிறவர்கள். ‘ஓட்டத்தை நிறுத்து’ என்பார்கள் வீட்டில். இரண்டுமே ஆராயாமல் சொல்லும் பேச்சு.

இந்தக் கேள்வியை அசட்டையாக விட முடியாது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. இவ்வளவு பரவலான நோய்க்கு ஓட்டம் மருந்தாகும் என்றால், அந்த மருந்தின் அளவும் எல்லையும் தெரிந்தாக வேண்டும்.

கடும் ஓட்டப் பயிற்சி இரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது? கேள்வி ஒன்றுதான் என்றாலும் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது, ஓடி முடித்த சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது, சில மாதப் பயிற்சியில் என்ன மாறுகிறது, பல்லாண்டுகள் கடுமையாக ஓடினால் என்ன ஆகிறது. முதல் மூன்றுக்கும் தெளிவான விடைகள் இருக்கின்றன. நான்காவதில்தான் ஆய்வுகள் பிரிந்து நிற்கின்றன.

ஓடும்போது

ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவர் முழு வேகத்தில் ஓடினால் இது 20 லிட்டரை எட்டும். உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களிடம் 35 லிட்டரையும் தாண்டும். இத்தனை இரத்தம் பாய்ந்தும் தமனிகள் தாங்குகின்றன; காரணம், உழைக்கும் தசைகளில் உள்ள நுண் நாளங்கள் அகலத் திறந்து தடையைக் குறைத்துவிடுகின்றன. அதனால் ஓட்டத்தின்போது சிஸ்டாலிக் என்னும் மேல் அழுத்தம் 180, 200 என்று ஏறினாலும், டயஸ்டாலிக் என்னும் கீழ் அழுத்தம் அப்படியே நிற்கும், அல்லது சற்று இறங்கும்.

பளு தூக்குவதில் கதை வேறு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகல் குழுவினர் 1985-இல், பளுப் பயிற்சியில் பழகியவர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி அளந்தார்கள். இரு கால்களாலும் பெரும்பளுவை உந்தும்போது சராசரி அழுத்தம் 320/250 வரை போனது. ஒருவரிடம் 480/350-ஐத் தொட்டது. தசை இறுகி நாளங்களை நசுக்குவதும், மூச்சை அடக்குவதும் இதற்குக் காரணம். ஓட்டத்தில் இந்த நெருக்கடி இல்லை.

ஆனாலும் ஓடும்போது ஏறும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. ரோம் நகரில் தேர்ந்த விளையாட்டு வீரர்களை ஆராய்ந்த கசெல்லி குழுவினர், உச்ச உழைப்பில் ஆண்களுக்கு 220-ம் பெண்களுக்கு 200-ம் மேல் அழுத்தத்தின் இயல்பான உச்சவரம்பு என்று கணக்கிட்டனர். அந்த வரம்பை மீறிய 141 பேரையும் மீறாத 141 பேரையும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மீறியவர்களில் 13.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் வந்தது, மற்றவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு மட்டுமே. டிரெட்மில் சோதனையில் அழுத்தம் மிகையாக ஏறுவதை ‘வேகமாக ஓடினார், ஏறியது’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதிய சான்று.

ஓடி முடித்தபின்

ஓட்டம் நின்றதும் அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்பி அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதற்கும் கீழே இறங்குகிறது. ஆங்கில உடலியல் அறிஞர் லியோனார்ட் ஹில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2004-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையின்படி, ஒருமுறை செய்யும் தாங்குதிறன் பயிற்சி அழுத்தத்தை 5 முதல் 7 புள்ளிகள் வரை குறைக்கும். அந்தக் குறைவு 22 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். ஏற்கெனவே பி.பி. உயர்ந்தவர்களிடம் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். ஆக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடினாலும் ஓடும் நாட்களின் பெரும்பகுதி குறைந்த அழுத்தத்தில் கழியக்கூடும்.

இதன் காரணத்தைத் தேடியவர்களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஜான் ஹாலிவில் முக்கியமானவர். உழைத்த தசைக்குள் சுரக்கும் ஹிஸ்டமின் நாளங்களைத் திறந்து வைத்திருக்கிறது; ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தால் அந்த விரிவு பெருமளவு குறைகிறது என்று அவர் குழு காட்டியது. 2021-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆறு வாரப் பயிற்சிக் காலம் முழுவதும் ஹிஸ்டமினைத் தடுத்தபோது, பயிற்சியால் உடலில் வரவேண்டிய மாற்றங்களே மட்டுப்பட்டன.

இந்த இறக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மாரத்தான் இறுதிக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடுகிறவர்கள் சுருண்டு விழுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுவரை கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. நின்றதும் அந்த விசை அறுந்துபோகிறது. விரிந்த நாளங்களில் இரத்தம் தேங்க, அழுத்தம் சரிகிறது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் தெளிவார்கள். தெளியாதவர்களுக்கு வெப்ப அதிர்ச்சியோ இதயக் கோளாறோ உடலில் சோடியம் குறைவோ இருக்கலாம். உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். ஓடி முடித்தபின் பத்து நிமிடம் நடக்கச் சொல்லும் பயிற்சியாளரின் அறிவுரைக்கு இதுதான் அடிப்படை.

சில மாதப் பயிற்சி

இங்கேதான் சான்று மிக வலுவாக இருக்கிறது. கொர்னேலிசன், ஸ்மார்ட் இருவரும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சமவாய்ப்பு முறையில் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் தாங்குதிறன் பயிற்சி சராசரியாக 8.3/5.2 புள்ளிகளைக் குறைத்தது. அழுத்தம் இயல்பாக இருந்தவர்களிடம் குறைந்தது ஒரு புள்ளி அளவே. ஆக, யாருக்குத் தேவையோ அவருக்கே பலனும் அதிகம். மேல் அழுத்தத்தில் 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது மருந்துச் சோதனைகளின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்ன கணக்கு. இதை வைத்துப் பார்த்தால் 8 புள்ளியின் மதிப்பு புரியும்.

ஓட்டக்காரர்களிடம் நேரடியாக நடந்த ஆய்வுகளில் லண்டன் மாரத்தான் ஆய்வு தனித்து நிற்கிறது. 2016, 2017 ஆண்டுகளில் முதன்முறையாக மாரத்தான் ஓடிய 138 பேரைப் பயிற்சி தொடங்குமுன்பும் போட்டி முடிந்தபின்பும் பரிசோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். இவர்கள் கடும் பயிற்சி எடுத்தவர்கள் அல்லர். வாரத்துக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் அளவில் ஓடச் சொல்லப்பட்டவர்கள். இருந்தும் அழுத்தம் 4/3 புள்ளி இறங்கியது. பெருந்தமனியின் விறைப்பு குறைந்தது. தமனியின் வயது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பின்வாங்கியதற்கு அது சமம். வயதில் மூத்தவர்கள், மெதுவாக ஓடியவர்கள், தொடக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருந்தவர்கள் ஆகியோரே அதிகப் பலன் பெற்றார்கள்.

இந்த இறக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. இரத்தம் விரைந்து பாயும்போது தமனியின் உட்சுவரில் ஏற்படும் உரசல், அங்குள்ள செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கிறது. அது நாளத்தை விரிக்கிறது. ஓய்வு நேரத்தில், இதயத்தையும் நாளங்களையும் முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் வேகம் தணிகிறது. எடை குறைகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. பயிற்சியை நிறுத்திவிட்டால் சில வாரங்களிலேயே இந்தப் பலன்கள் கரையத் தொடங்கும்.

கடுமையைக் கூட்டினால் பலனும் கூடுமா? 2023-இல் எட்வர்ட்ஸ் குழுவினர் 270 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஓட்டம், நடை, சைக்கிள் போன்ற வழக்கமான பயிற்சி 4.49/2.53 புள்ளி குறைத்தது. இடையிடையே உச்ச வேகத்தில் செய்யும் கடும் பயிற்சி 4.08/2.50 புள்ளி குறைத்தது. இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியே, அதாவது சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் நிற்கும் ‘வால் சிட்’ போன்றவையே, 8.24/4.00 என்று முதலிடம் பெற்றன. அமெரிக்காவில் வில்லியம்ஸ், தாம்ஸன் இருவரும் 33,060 ஓட்டக்காரர்களையும் 15,945 நடைக்காரர்களையும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது. செலவழிக்கும் ஆற்றல் ஒன்றாக இருந்தால், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பைக் குறைப்பதில் நடை ஓட்டத்துக்குச் சற்றும் பின்தங்கவில்லை. கடுமை தேவைப்படுவது வேகத்துக்கு. அழுத்தம் இறங்குவதற்கு அது கட்டாயமில்லை.

பல்லாண்டுகள், பெருந்திரள்

நீண்ட காலக் கணக்குகளில் மேலோங்கி நிற்பது நல்ல செய்திதான். பாஃபன்பார்கர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் 14,998 பேரில், கடும் விளையாட்டில் ஈடுபடாதவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, ஈடுபட்டவர்களைவிட 35 சதவீதம் அதிகமாக இருந்தது. ஓட்டத்துக்கு மிக நெருங்கிய தாங்குதிறன் விளையாட்டான பனிச்சறுக்கு நடையில் இன்னும் பெரிய சான்று கிடைத்தது. சுவீடனில் ஆண்டுதோறும் நடக்கும் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பந்தயத்தில் கலந்துகொண்ட 2,06,889 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டதில், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவு. வேகமாக முடித்தவர்களிடம் அது மேலும் குறைவு.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 90 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிறவர் ஏற்கெனவே ஆரோக்கியமானவர். புகைபிடிப்பது குறைவாகவும் உணவில் அக்கறை கூடுதலாகவும் இருக்கும். பிறவியிலேயே நல்ல உடல்திறன் வாய்த்தவரே வேகமாகவும் முடிப்பார். புள்ளியியல் திருத்தங்கள் இந்தக் கலப்பை முழுவதும் நீக்கிவிடாது. எனினும், கடும் பயிற்சி பெரும்பாலோரின் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்று யாராவது அஞ்சினால், அந்த அச்சத்துக்கு இத்தனை பெரிய கூட்டத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மாறாகப் பேசும் ஆய்வுகள்

சராசரி நன்றாக இருப்பதால் ஒவ்வொருவரும் நன்றாக இருப்பதாக ஆகிவிடாது. ஏதென்ஸில் விலாகொபூலஸ் குழுவினர் 2010-இல், பல ஆண்டுகள் மாரத்தான் பயிற்சி எடுத்த 49 பேரை, அதே வயதுடைய, போட்டிப் பயிற்சி இல்லாத 46 பேரோடு ஒப்பிட்டார்கள். ஓட்டக்காரர்களின் அழுத்தம் அதிகமாக இருந்தது. பெருந்தமனியில் நாடி அலை பாயும் வேகம் நொடிக்கு 6.89 மீட்டர், மற்றவர்களிடம் 6.33 மீட்டர். அலை வேகமாகப் பாய்ந்தால் தமனி விறைத்திருக்கிறது என்று பொருள். லண்டனில் மென்மையான தமனி ஏதென்ஸில் விறைத்தது எப்படி? லண்டனில் ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்தார்கள்; அளவான ஓட்டம், சில மாதங்கள். ஏதென்ஸில் வெவ்வேறு ஆட்களை ஒரே சமயத்தில் ஒப்பிட்டார்கள். கடும் ஓட்டம், பல ஆண்டுகள். முதல் வகை ஆய்வு காரணத்தை இன்னும் நெருக்கமாகச் சுட்ட வல்லது. இரண்டாவது, சேர்ந்திருப்பதை மட்டுமே காட்டும். ஏதென்ஸ் முடிவை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

நார்வேயின் பெர்க் குழுவினர் 2015-இல் 51 ஆய்வுகளைத் திரட்டி வீரர்களின் அழுத்தத்தை ஒப்பிட்டனர். பளுப் பயிற்சியாளர்களின் சராசரி 131/77. தாங்குதிறன் வீரர்களுக்கு 119/72. வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுத்தவர்களுக்கு 122/74. குறைவாக எடுத்தவர்களுக்கு 118/67. வேறுபாடு சிறிதுதான், ஆனால் அது போகும் திசை கவனிக்கத்தக்கது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது சுவிட்சர்லாந்திலிருந்து 2015-இல் வந்த ஆய்வு. பெர்ன் நகரின் பத்து மைல் பந்தயத்தில் ஓடும் நடுவயது ஆண்களில், மருத்துவரின் அறையில் இயல்பான அளவு காட்டியவர்களுக்கு 24 மணி நேரக் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் மறைந்திருந்தது. அவர்கள் இதயத்தின் இடது கீழறையும் தடித்திருந்தது. ஓட்டக்காரர்களின் இதயம் தடித்திருந்தால் பயிற்சியின் பலன் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தத் தடிப்பில் ஒரு பங்கு அழுத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம். ஹாம்பர்கில் 83 டிரையத்லான் வீரர்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆண்கள் 54 பேரில் 9 பேருக்கு இதயத் தசையில் தழும்பு இருந்தது. பெண்கள் 29 பேரில் ஒருவருக்கும் இல்லை. தழும்பு இருந்தவர்களுக்கு உச்ச உழைப்பின்போது மேல் அழுத்தமும் கூடுதல். அவர்கள் கடந்திருந்த போட்டித் தூரமும் கூடுதல்.

ஏன் இப்படி?

ஒரு விளக்கம் நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் டல்லஸில் இவாசாகி குழுவினர், உட்கார்ந்தே இருந்தவர்களை ஓராண்டில் மாரத்தானுக்குத் தயார்படுத்தினர். முதல் மூன்று மாத மிதமான பயிற்சியில், அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. பயிற்சி கடுமையாக ஆக, அந்தக் கூர்மை பழைய நிலைக்கே திரும்பியது. இத்தாலியின் இளம் படகோட்டிகளிடம் உச்சப் பயிற்சிக் காலத்தில் பரிவு நரம்புகளே ஓங்கி நின்றன என்று இயெல்லாமோ குழுவினர் 2002-இல் காட்டினர். உடலை அமைதிப்படுத்தும் பயிற்சி, ஓய்வுக்கு இடமில்லாத அளவுக்குப் போனால் உடலை முடுக்கத்திலேயே வைத்திருக்கும்.

இன்னொரு பக்கம், ஓட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கங்கள். முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை அடிக்கடி போட்டால், சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதை அவை குறைத்து அழுத்தத்தை ஏற்றும். உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தையே பாதிக்கும். அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும் என்பதற்காக இழக்கும் தூக்கமும், வியர்க்கிறது என்ற சாக்கில் கூடும் உப்பும் கணக்கில் சேரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் தட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை, நீண்ட தூரம் ஓடும் நாள் தவிர மற்ற நாட்களில் ஓட்டக்காரரும் மதிக்க வேண்டும். வயதும் பரம்பரையும் யாரையும் விட்டுவைப்பதில்லை.

பொய்யாக உயர்ந்து தெரியும் அளவும் உண்டு. உயரமான, மெலிந்த இளைஞரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய இரத்தத்தை வெளியேற்றும். அந்த அலை மீள்தன்மை மிக்க தமனிகள் வழியே கைக்கு வரும்போது பெருகும். கையில் மேல் அழுத்தம் 142 காட்டும், கீழ் அழுத்தம் 70-ஐ ஒட்டியிருக்கும். பெருந்தமனியிலோ அழுத்தம் இயல்பாகவே இருக்கும். இருபது வயதுக்காரரின் இந்த அளவையும் ஐம்பது வயதுக்காரரின் 142/94-ஐயும் ஒன்றாக எண்ணக் கூடாது.

ஓடுகிறவர் செய்யத்தக்கவை

முதலாவது, சரியாக அளப்பது. ஓடி முடித்த கையோடு எடுத்தால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். காலையில் ஓடப் போகுமுன், காபி குடிக்காமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும். கைப்பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாற்பதைக் கடந்து, பல ஆண்டுகளாகக் கடும் பயிற்சி எடுக்கும் ஆண்கள், பெற்றோருக்கு பி.பி. இருந்தவர்கள், டிரெட்மில்லில் அளவு மிகையாக ஏறியவர்கள் ஆகியோருக்கு 24 மணி நேரப் பரிசோதனை செய்வது பயனுள்ளது. அதில் சராசரி 130/80-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு கூடியிருந்தால் ஓட்டத்தைக் கைவிடாமல் மாற்றியமைப்பது. ஓய்வில் மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டினால், அது கட்டுக்குள் வரும்வரை கடும் பயிற்சி வேண்டாம் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மற்றவர்கள் வேகப் பயிற்சியைக் குறைத்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு இறங்கி, வாரம் மூன்று நாள் வால் சிட் சேர்த்துச் சில மாதங்கள் பார்க்கலாம்.

மூன்றாவது, மாத்திரை தேவைப்பட்டால் தயங்காமல் எடுப்பது. எந்த மாத்திரை என்பதில் ஓட்டக்காரர் தம் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பீட்டா பிளாக்கர்கள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் ஓட்டத்தைக் கனக்கச் செய்யும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் சென்னையின் வைகாசிப் புழுக்கத்தில் நீரையும் உப்பையும் மேலும் வடித்துவிடும். போட்டி வீரர்களுக்கு அவை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் உள்ளன. டெல்மிசார்ட்டான், அம்லோடிபின் வகைகள் ஓட்டத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. எதுவானாலும் தாமாகத் தொடங்குவதும் நிறுத்துவதும் கூடாது.

முடிவாக

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓட்டத்தின் பக்கமே தராசு தாழ்கிறது. பி.பி. உயர்ந்தவர்களுக்கு அது ஒரு மாத்திரையின் அளவுக்குப் பலன் தருகிறது; அந்தப் பலனின் பெரும்பகுதி மிதமான அளவிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுகிறவர்கள் வேகத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓடலாம். அது பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் கடும் பயிற்சியில் ஊறிய நடுவயதினரில் ஒரு பகுதியினர் உயர் அழுத்தத்தோடு, அது தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தோற்றமோ நாடித்துடிப்போ முடித்த மாரத்தான்களின் எண்ணிக்கையோ காட்டிக்கொடுக்காது, அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

இங்கே பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், ஆண்களை அதிகம் வைத்து நடந்தவை. வெயிலும் ஈரக்காற்றும் நிறைந்த நம் கடலோர நகரங்களில் ஓடுகிறவர்களை, பெண்களையும் சேர்த்து, 24 மணி நேரக் கருவியோடு பல ஆண்டுகள் தொடரும் ஆய்வுகள் வர வேண்டும். அதற்கான கூட்டம் ஒவ்வொரு ஞாயிறும் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் தானாகவே கூடுகிறது. அதுவரை ஓட்டக் குழுக்கள் ஒன்று செய்யலாம்: மாதம் ஒருமுறை, ஓட்டம் தொடங்குமுன் ஒரு நாற்காலியையும் பி.பி. கருவியையும் வைத்து எல்லோருடைய அளவையும் குறித்துக்கொள்ளலாம். அளவு உயர்ந்திருப்பது தெரிந்தால் அதைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்து ஓட முடியும்; தெரியாமல் ஓடுவதுதான் ஆபத்து.